கேள்விக்குறி இல்லாத முகவரி

நிஸ்வாவிலிருந்து பேரீச்சந்தோப்புக்காரர் ஒருவர்
ஃபோனில் கிணற்றுப் பம்பு கேட்கிறார்.
சைட்டில் படம் இருக்கிறது, பாருங்கள் என்று
பக்கத்து மேசை ஷைஜு முகவரி வாசிக்கிறான்:
ப்ராடக்ட் புள்ளி பிஹெச்பி
கேள்விக்குறி
ஐடி சமம் நாலு நாலு ஒன்று ஏழு
அப்புறம் பிய்ந்த முறுக்கு மாதிரி ஒரு குறி
கேட் சமம்...
மறுமுனை வைத்துவிட்டது.

பம்பு வாங்க வந்தவனிடம்
நமக்கு எதற்குக் கேள்விக்குறி என்றார் முதலாளி நாசர்.
வியாழன் மாலை அது.
ஞாயிறு காலைக்குள் எல்லாம் பெயராக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ரூவி
தொழுகை முடியும்வரை ஷட்டருக்குள் கிடக்கும்.
ஏசி இரைச்சலும் நானும்.
புள்ளியில் தொடங்கும் கோப்பு ஒன்று உண்டு,
பெயர் சொல்லிக் கேட்டாலொழிய கண்ணில் படாது.
திறந்து எழுதினேன்.

தொப்பி போட்ட குறி, தொடக்கம்.
டாலர், முடிவு.
(ரியால் ஊரிலும் வரியை முடிக்க டாலர்தான்.)
நடுவில் அடைப்புக்குள் எது சிக்கினாலும்
பிடித்து வை, ஒன்று என்று கூப்பிடு.
அந்தப் பெயரில் நிஜமாகவே கோப்பு இருந்தால்
தொடாதே, வழிவிடு.

வெளியே: பம்பு, சாய்கோடு, கிணறு, சாய்கோடு, மூன்று குதிரைத்திறன்.
உள்ளே அதே நாலு நாலு ஒன்று ஏழு.
எண் எங்கும் போகவில்லை,
வாசலில் பலகை மாறியிருக்கிறது.

பழைய எண்ணோடு இன்னும் வருவார்களே,
அவர்களுக்காக இரண்டாவது விதி:
முந்நூற்று ஒன்று. நிரந்தரமாக இடம் மாறியது.
பெயருக்குப் போ.

சேமித்துத் திறந்தேன்.
பெயர் எண்ணிடம் அனுப்பியது.
எண் பெயரிடம் அனுப்பியது.
பெயர் எண்ணிடம்
இருபது தடவை அலைந்துவிட்டு
பிரவுசர் கையை விரித்தது.

எனக்கு இது புதிதில்லை.
எம். பூங்கோதை என்று இருந்தவளிடம்
பாஸ்போர்ட் ஆபீசில்
அந்த ஒற்றை எழுத்தை விரிக்கச் சொன்னார்கள்.
விரித்தேன். அது போய்
குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது.
எங்களில் அப்படி ஒன்று கிடையாது என்று எழுத
படிவத்தில் கட்டமில்லை.

அன்றிலிருந்து வங்கியில், கிளினிக்கில்,
கொரியர்காரர் வாயில்:

மிஸ்டர் மாசிலாமணி?
நான்தான்.
நீங்களா மாசிலாமணி?
இல்லை, அது அப்பா.
அப்படியென்றால் அவரை வரச் சொல்லுங்கள்.
அவர் காரைக்காலில், ஐஸ் பிளான்ட்டில். பாஸ்போர்ட்டே கிடையாது.
அப்போது கார்டில் இருப்பது யார்?
நான்.
நீங்கள் யார்?
மாசிலாமணி.

அப்பாவிடம் சொன்னபோது
அதானே பார்த்தேன், என்றார்,
தினமும் ஒன்பதரை மணிக்குப் புரையேறுகிறது.
அங்கே ஒன்பதரை என்றால்
இங்கே எட்டு. ஆபீஸ் திறக்கும் நேரம்.

இரவு பத்தரைக்கு,
ஆறிப்போன பரோட்டாவின் கடைசித் துண்டில்
வழி தட்டுப்பட்டது.
இடையில் யார் யாரை எங்கே அனுப்பினார்கள் என்று பார்க்காதே.
வந்தவர் வாசலில் நின்று
முதன்முதலாகக் கேட்டாரே ஒரு வரி,
அதை மட்டும் பார்.
அதில் எண் இருந்தால் பெயருக்குத் திருப்பு.
இல்லையென்றால் சும்மா இரு.

ஒரே ஒரு நிபந்தனை.
சுழல் நின்றது.
பெயர் மேலே, எண் கீழே,
ஒன்றை ஒன்று இழுக்காமல்.

எனக்கு அப்படி ஒரு வரி எழுத
எந்தக் கவுண்டரில் கோப்பைத் திறந்து தருவார்கள்?
முதலில் என்னை யார் என்னவென்று கேட்டார்கள்,
அது எந்தப் பதிவில் இருக்கும்?
தெரியவில்லை. தூங்கப் போனேன்.

ஞாயிறு.
ஷைஜு ஒரே மூச்சில் முகவரி சொல்லிவிட்டான்.
தோப்புக்காரர் இரண்டு பம்பு கேட்டார்,
கூடவே நூறு மீட்டர் பைப்பும்.
நாசர் கண்ணாடிக் கதவைத் திறந்து
தலையை மட்டும் நீட்டினார்:
ஷுக்ரன், மாசிலாமணி!

மணி பார்த்தேன், எட்டு ஐந்து.
இந்நேரம் அங்கே
உச்சந்தலையைத் தட்டிக்கொண்டு
ஒருவர் தண்ணீர் டம்ளரைத் தேடியிருப்பார்.